வலி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை எனலாமா?

ஞாயிறு விடியற்காலையில் மலையடிவாரச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டிச் செல்வது எங்கள் பிரிவு மருத்துவர் சிலரின் வழக்கம். அவ்வாறு சென்ற ஒருநாள், எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கினோம். எங்களுள் ஒருவர் எருக்கஞ்செடியில் உரசி நின்றார். ஒடிந்த கிளையின் பால் அவர் கையில் பட்டது. சற்று நேரத்தில் வியர்வையைத் துடைக்க அதே கை கண்ணுக்குச் சென்றது. பெரிதாக வலிக்கவில்லை. ஆகவே பயணத்தைத் தொடர்ந்தோம். பிற்பகலில் அவருடைய பார்வை பனி படிந்ததுபோல் மங்கியது, கருவிழி வீங்கியிருந்தது. உடனே கண் சிகிச்சை கிடைத்தமையால் பார்வை மீண்டது. மருத்துவர்களாகிய நாங்களே வலியை நம்பி ஏமாந்தோம் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

எருக்கம்பால் கருவிழியை மரத்துப்போகச் செய்யும். அதே வேளையில், கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் உள்ளடுக்கின் அணுக்களைச் சிதைக்கும். அவ்வணுக்கள் இறந்தால் மீண்டும் பெருகுவதில்லை. வேலிகளில் வளரும் திருகுகள்ளியின் பாலோ கடுமையான எரிச்சலைத் தரும். பாதிப்பு மறுநாள் மேலும் கூடலாம். எந்தப் பால் கண்ணில் பட்டாலும் கசக்காமல், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் அகற்றிவிட்டு, தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் போன்றவற்றை விட வேண்டாம். வலி இல்லாவிடினும் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோலில் ஒட்டும் பலாப்பாலைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தபின் சோப்பால் கழுவலாம். மா, முந்திரி ஆகியவற்றின் பால் தோலைப் புண்ணாக்கக் கூடியது. அதைத் தாமதமின்றிச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். கைப்பிடியிலும் பிரேக்கிலும் கையுறையிலும் படிந்த பிசின் மறுபடியும் கைக்கு வரும் என்பதால் அவற்றையும் கழுவுங்கள்.

விலங்குகளிடமும் இதே ஏமாற்றம் நேர்கிறது. துரத்தும் நாயின் பல் கெண்டைக்காலில் இலேசாக உராய்ந்திருக்கும். தின்பண்டப் பையைப் பறிக்க வந்த குரங்கின் நகம் கீறியிருக்கும். "இரத்தம் வரவில்லையே, டாக்டர்" என்று பலர் ஒரு வாரம் கழித்து எங்களிடம் வருகின்றனர். ரேபிஸ் கிருமி நுழையச் சிறு கீறலே போதும். அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாதது. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி நாளைப் பூச்சியமாகக் கொண்டு 3, 7, 28 ஆகிய நாட்களில் மற்றவை தொடரும். இரத்தம் கசிந்த காயமெனில் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

பாம்புக்கடிக்கு மட்டும் இந்தக் கழுவும் விதி பொருந்தாது. கடிவாயைத் தேய்ப்பது, கீறுவது, உறிஞ்சுவது, மேலே இறுகக் கட்டுவது அனைத்தும் தீங்கு. கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் தென்படா. சில மணி நேரத்தில் இமைகள் தாழ்ந்து, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கடிபட்டவர் நடக்கவோ மிதிவண்டியை மிதிக்கவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். பாம்பைப் பிடித்துவர முயல வேண்டாம்.

இவற்றுக்கு அஞ்சி மிதிவண்டியை மூலையில் சாத்திவிட வேண்டியதில்லை. அந்த உழைப்பு இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் நன்மையே. கண்ணாடி அணியுங்கள், குரங்குக்கு உணவு தராதீர்கள், நாய் துரத்தினால் இறங்கி, மிதிவண்டியை இடையில் நிறுத்தி, அமைதியாக நில்லுங்கள். குடிநீருடன் கழுவுவதற்கென இன்னொரு புட்டி நீரும் ஒரு சிறு சோப்புத் துண்டும் பையில் இருக்கட்டும். அந்த ஞாயிறுக்குப் பின் எங்கள் பைகளில் அவை இல்லாத நாளில்லை.