தேயிலை டொலரும் எண்ணெய்க் கப்பலும்

2022இல் இலங்கை தேயிலை ஏற்றுமதியால் ஈட்டியது ஏறத்தாழ 126 கோடி டொலர். அதே ஆண்டு எரிபொருள் இறக்குமதிக்கு, நிலக்கரியும் சேர்த்து, கட்டிய விலை ஏறத்தாழ 490 கோடி டொலர். நாடு முழுவதும் நான்கு ஆண்டுகள் பறிக்கும் கொழுந்து ஓராண்டு எரிபொருளுக்கே சரியாகிப்போகிறது. அதில் பெரும்பங்கை வாகனங்கள் குடிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் லொறிக்கு மாற்றுத் தேடுவதைவிட மின்நிலையத்துக்கு மாற்றுத் தேடுவது எளிது. அந்த மாற்றான புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றதும் காற்று மாசு, பருவநிலை என்று பேச்சு போய்விடுகிறது. மலையகத்தில் அதற்கு முன்பே பேச வேண்டியது தோட்டத்தின் கணக்குப் புத்தகம்.

2022 மார்ச் 31இல் மின்வெட்டு 13 மணி நேரத்தை எட்டியது. கடைக்காரர் அதற்குக் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். தேயிலை ஸ்டோரை, அதாவது ஆலையை, அப்படி மூடிவிட முடியாது. பறித்த கொழுந்து வாட்டல் தொட்டியில் கிடக்கும்போது மின்விசிறி நின்றால் இலை சூடேறிக் கெட்டுப்போகும். ஜெனரேட்டரை ஓட்டலாம் என்றால் டீசலுக்கும் வரிசை. பிறகு மின்சாரம் திரும்பியது, விலையோடு: 2022 ஆகஸ்டில் சராசரிக் கட்டணம் 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது. இலையை உலர்த்தும் வெப்பம் பெரும்பாலும் விறகிலிருந்து வருவதால் அந்த அளவில் ஸ்டோர்கள் தப்பின. விசிறியையும் உருளையையும் சலிப்பு இயந்திரத்தையும் விறகால் ஓட்ட முடியாதே.

ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இருந்ததில்லை. நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தங்கள் ஓடையிலேயே சிறு நீர்மின் பொறி வைத்திருந்தன. தேசிய மின்கம்பி மலிவாக வந்து சேர்ந்ததும் அவை கவனிப்பாரற்றுத் துருப்பிடித்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு பராமரிப்பு இன்னும் தேய்ந்தது. அந்தக் கம்பியில் வந்த மின்சாரமும் தொடக்கத்தில் இதே மலையில்தான் பிறந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின்சாரத்தின் பொருளாதாரக் கணக்கை எழுதி வாசித்தார். தொடங்கிய வேலை பணமில்லை என்று இடையில் நின்று, லக்ஷபான நிலையம் 1950இல்தான் மின்சாரம் தந்தது. தாமதித்த அந்த 32 ஆண்டுகளின் விலையை எந்த வரவுசெலவுத் திட்டமும் எழுதிவைக்கவில்லை.

பகலில் பறித்த கொழுந்து மாலையில் ஸ்டோருக்கு வந்து, 12 மணி நேரத்துக்கும் மேலாக, பெரும்பாலும் இரவு முழுக்க, வாடுகிறது. சூரியத் தகடு உறங்கும் நேரம் அது, தோட்டத்து ஓடை உறங்குவதில்லை. வறண்ட மாதங்களில் ஓடை மெலியும்போது கொழுந்தும் குறைந்து ஆலையின் தேவையும் இறங்குகிறது. அந்த மாதங்களில்தான் வானம் தெளிந்து கூரைத் தகடுகள் நன்றாக வேலை செய்கின்றன. பயிரும் நீரும் வெயிலும் இப்படி ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும் தொழில்கள் அதிகமில்லை.

நிலக்கரியே மலிவு என்பார்கள். எண்ணெயோடு ஒப்பிட்டால் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் 900 மெகாவாட் மலிவாகத்தான் விளைகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மலிவு டொலரின் தயவில் நிற்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது நிலக்கரியின் ரூபாய் விலையும் கூடவே ஏறியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது. அந்த மாதங்களுக்கான சரக்கை முன்கூட்டியே டொலர் கொடுத்துக் குவித்துவைக்க வேண்டும். மஸ்கெலியா ஓயாவுக்கு யாரும் கடன் கடிதம் திறக்க வேண்டியதில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் வட்டி. நீருக்கும் வெயிலுக்கும் செலவு முழுவதும் முதலிலேயே வந்துவிடுகிறது. வட்டி 20 வீதத்தைத் தாண்டிய 2022 போன்ற ஆண்டில் எந்தக் கணக்கும் தேறாது. அதனால்தான் நீண்டகாலக் கடன் முக்கியம். 1997 முதல் உலக வங்கியின் கடன் திட்டங்கள் உள்ளூர் வங்கிகள் வழியே வந்தபோதுதான் சிறு நீர்மின் நிலையங்கள் பெருகின. இன்று அவற்றின் கொள்ளளவு 400 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. எங்கு வேண்டுமானாலும் கட்டலாம் என்பதல்ல. அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையே ஓடையை வறளவிட்டால் கீழே குடியிருப்பவரின் குடிநீர் போகும். அந்த இழப்பையும் செலவுப் பக்கத்தில் எழுதினால் தேறாத திட்டங்கள் சில இருக்கும், அவற்றை விட்டுவிடலாம்.

நண்பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்பது புதிய குறை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. இதற்குப் பதிலும் மலையகத்தில் இருக்கிறது: காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள். வெயில் காயும்போது அந்த நீரைத் தேக்கிவைத்து மாலை உச்சத் தேவைக்குத் திறக்கலாம். மகாவலி நீர் வயலுக்கும் பதில் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்த லக்ஷபானத் தொகுதிக்கு அந்தக் கட்டு குறைவு. மின்கலம் வாங்கும் முன் கையிலிருக்கும் நீர்த்தேக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தில் மிச்சமாகும் பணம் யாருக்கு என்பதும் பொருளாதாரக் கேள்வியே. மவுஸ்ஸாகலை நீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. மேல்கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நாட்டுக்கு வெளிச்சம் தரும் விலையை மலையகம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் உற்பத்திச் செலவைக் காட்டும் தோட்ட நிறுவனங்கள், தொழிலாளியின் கூலியைத் தொடாமல் குறைக்கக்கூடிய செலவு மின்சாரம் என்பதை ஏன் முதலில் எடுத்துக்கொள்வதில்லை? தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். அதில் தகடு பொருத்த வங்கிக்குப் போகும் தொழிலாளியிடம் காட்டக் காணி உறுதி இல்லை. ஓடை மின்சாரத்தின் வருமானத்தில் லயத்துக் குடும்பங்களுக்கு ஒரு பங்கை ஒப்பந்தத்திலேயே எழுதுவதும், கூரைக்கும் நிலத்துக்கும் உறுதி வழங்குவதும் இந்தக் கணக்கின் உள்ளே வர வேண்டியவை.