ஊர் வரைக்கும் கூட வரும் காய்ச்சல்

பயணம் போகிறவர்கள் கொசுக்கடியில் இருந்து தப்புவது எப்படி?

மும்பையில் மழை ஓயும் நேரத்தில்தான் மலேரியாவும் டெங்குவும் தலைதூக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் கூட்டமும் அதை ஒட்டித்தான் கிளம்பும். மூட்டை முடிச்சுகளுடன் காய்ச்சலும் சேர்ந்து ரெயில் ஏறிவிடுவது உண்டு.

கொசு கடித்த அன்றே காய்ச்சல் வருவதில்லை. டெங்கு என்றால் 4 முதல் 10 நாள் ஆகும். மலேரியா என்றால் பெரும்பாலும் 10 முதல் 15 நாள் ஆகும். ஆகவே தாராவியில் கடித்த கொசுவின் பலன் திருநெல்வேலியில் தெரியலாம். ஊர் டாக்டர் அதைச் சாதாரண ஜுரம் என்று நினைத்துவிட்டால், நாள் வீணாகும். பால்சிபேரம் என்ற வகை மலேரியாவில் இரண்டு, மூன்று நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து.

பகல் கொசு, இரவுக் கொசு

மலேரியா கொசுவினால்தான் பரவுகிறது என்பதற்கு முதல் தடயம் இந்தியாவில்தான் கிடைத்தது. 1897-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி, செகந்திராபாத்தில், ராணுவ டாக்டர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு, பொழுது சாய்ந்ததில் இருந்து விடியும் வரை கடிக்கும். நகரங்களில் மாடித் தண்ணீர்த் தொட்டிகள், கிணறுகள், கட்டிட வேலை நடக்கும் இடங்களில் தேங்கும் தண்ணீர் ஆகியவற்றில் முட்டை இடும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையிலும், மாலை மங்குவதற்கு முன்பும் அதன் தொல்லை அதிகம். டிரம், பழைய டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவையே அதற்குப் போதும். ராத்திரி மட்டும் கொசுவர்த்தி கொளுத்தினால் டெங்குவில் இருந்து தப்ப முடியாது.

கொசு வலையே காவல்

கட்சிரோலி, பஸ்தார், ஒடிசாவின் மலைப்பகுதிகள், மிசோரம் ஆகிய இடங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். திருச்செங்கோட்டில் இருந்து போர் வண்டிகளில் போகும் தொழிலாளர்கள் பலர் இரவில் வெட்டவெளியில் படுக்கிறார்கள். மருந்து தோய்த்த கொசு வலை ஒன்று கட்டாயம் வேண்டும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும். கிழிசல் இருந்தால் உடனே தைத்துவிட வேண்டும்.

நடு இரவில் ஜங்ஷனில் இறங்கி, அடுத்த ரெயிலுக்காகப் பிளாட்பாரத்தில் படுப்பவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. மூடாத கை, கால், கழுத்தில் கொசு விரட்டும் களிம்பு தடவிக்கொள்ளலாம். மலேரியா அதிகமுள்ள காட்டுப் பகுதியில் தங்கப் போகிறவர்கள், முன்னதாகவே மாத்திரை சாப்பிட வேண்டுமா என்று கிளம்பும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். தாங்களாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது.

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது

பயணம் முடிந்து சில வாரங்களுக்குள் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டால், அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மலேரியாப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. டாக்டர் கேட்காவிட்டாலும், எந்த ஊரில் இருந்து வந்தோம், எத்தனை நாள் தங்கினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வார்த்தையால் சரியான பரிசோதனை உடனே நடக்கும்.

டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், புரூபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது. ரத்தக் கசிவு ஏற்படும். பாராசிட்டமால் போதும். காய்ச்சல் இறங்கும் சமயத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி ஆகியவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நிலவேம்புக் கஷாயம் குடித்தாயிற்று என்று வீட்டில் படுத்திருப்பது ஆபத்து.

பாதியில் நிறுத்தலாமா?

வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் பதுங்கி இருந்து, மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். அதை வேரறுக்கத்தான் 14 நாள் மாத்திரை தருகிறார்கள். மூன்றாம் நாள் உடம்பு தேறியதும், லீவு முடிகிறது என்று மாத்திரையை விட்டுவிட்டு ரெயில் ஏறுகிறவர்கள் உண்டு. காய்ச்சல் திரும்ப வந்தால் சம்பளம் போகும், உடம்பும் போகும்.

அதோடு முடிவதும் இல்லை. மலேரியாக் கிருமி ரத்தத்தில் உள்ளவரை கடித்த அனோபிலிஸ் கொசு, சில நாளில் அதே கிருமியை அடுத்தவருக்குக் கொடுக்கிறது. ஊரில் பேரன் பேத்திகளுடன் ஒரே திண்ணையில் படுக்கிறவர்கள், அந்த 14 நாள் மாத்திரையைக் குழந்தைகளுக்காகவாவது முழுக்கச் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.