கபாலிக்கு இரண்டு முடிவுகள்

2016 ஜூலையில் 'கபாலி' வெளியானபோது நான் மூன்றாம் படிவ மாணவன். எங்கள் பிளாட்டிலிருந்து பதினொரு பேர் ஒரே வேனில் போனோம். பள்ளி வேன் ஓட்டும் அண்ணன்தான் வண்டியையும் ஓட்டினார், டிக்கெட் பணத்தையும் முதலில் போட்டார். எல்லார் சட்டையிலும் ரஜினி. என் பக்கத்து இருக்கையில் என் நெருங்கிய கூட்டாளி. சிறையிலிருந்து கோட் சூட்டோடு ரஜினி நடந்து வந்தபோது நாங்கள் அடித்த விசிலில் ஒரு வசனமும் காதில் விழவில்லை.

படத்தின் கடைசியில் திரையில் ஒரு வரி வந்தது. கபாலி போலீசிடம் சரணடைந்துவிட்டார் என்று அது சொன்னது. அதைப் படித்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் எழுந்து நின்று கைதட்டிக் கொண்டிருந்தார்கள்.

அந்த வரி மலேசியாவுக்கு மட்டும் சேர்க்கப்பட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தியாவில் ஓடிய படத்தில் அப்படி எதுவும் இல்லை. கபாலி நடத்தும் பள்ளியில் படித்த டைகர் என்ற இளைஞன் போலீசின் ஏவலில் அவரை நெருங்குகிறான், திரை இருட்டாகிறது, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது, அவ்வளவுதான். சட்டத்தை மீறியவன் கதை கடைசியில் சட்டத்தின் கையில் முடிய வேண்டும் என்பது நம் ஊர்த் தணிக்கையின் கணக்கு.

இந்தக் கணக்கு பழையது. 1932இல் ஹாலிவுட்டில் 'ஸ்கார்ஃபேஸ்' என்ற படத்தை ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்தார். சிகாகோ குண்டர் தலைவன் ஒருவனின் கதை. அவன் போலீஸ் குண்டடி பட்டு விழுவதாகப் படம் முடிந்தது. தணிக்கையாளர்களுக்கு அது போதவில்லை. நீதிமன்றம் தண்டனை விதித்து, அவனைத் தூக்கிலிடுவதாக இன்னொரு முடிவு எடுக்கப்பட்டது. 'ஒரு தேசத்தின் அவமானம்' என்று ஒரு துணைத் தலைப்பும் ஒட்டப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், கதாநாயகன் பால் முனி அந்தப் புதுக் காட்சிகளில் நடிக்கவே இல்லை. தூக்குமேடை ஏறுபவனின் முகத்தைக் காட்டாமலே சமாளித்தார்கள். நம் கபாலி சரணடைந்ததும் அப்படித்தான். ரஜினி கைகளை நீட்டி விலங்கு மாட்டிக் கொள்வதை நாம் பார்க்கவில்லை. ஓர் எழுத்து வரி சரணடைந்தது.

படத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அந்தப் படம் இன்னும் பிடிக்கும். பழைய தமிழ்ப் படங்களில் கபாலி என்றால் வில்லனின் அடியாள். லுங்கி கட்டி, முகத்தில் மரு வைத்து, முதலாளி கூப்பிட்டதும் குனிந்து நிற்பவன். குற்றவாளியைப் பெயரிலும் தோற்றத்திலும் கண்டுபிடித்துவிடலாம் என்று அந்தப் படங்கள் நமக்குக் கற்றுக் கொடுத்தன. உழைக்கும் ஏழைகள் பலரின் தோற்றமும் அதுதானே! பா.ரஞ்சித் அந்தப் பெயருக்கே கோட் மாட்டிவிட்டார். தோட்டத்துத் தொழிலாளியின் சம்பளப் போராட்டத்தையும் கதைக்குள் கொண்டு வந்தார். என் அப்பா தோட்டத்தில் பிறந்தவர். அந்தக் காட்சிகளில் அவர் விசிலடிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

ஆனால் பதினைந்து வயதில் நாங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தது சம்பளப் போராட்டத்தை அல்ல, அந்த நடையைத்தான்.

என் கூட்டாளி அந்த நடையை அச்சாகப் பிடித்துவிட்டான். அவசரமே இல்லாத நடை. நான்காம் படிவத்தில் பள்ளிக்கு வெளியே மோட்டாரில் சிலர் அவனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஓர் இடத்தில் சும்மா போய் நின்றால் போதும், கையில் காசு வரும் என்றான். ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் எழுத வரவில்லை. ஒரு சினிமா அவனைக் கெடுத்தது என்று சொன்னால் அது பொய். அவன் அப்பா வீட்டில் இல்லை, அம்மா இரண்டு வேலை பார்த்தார், பள்ளியில் அவன் கடைசி வகுப்பு. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் இருந்த 40 ஆயிரத்துச் சொச்சம் பேரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றது அமைச்சின் கணக்கு. நாட்டு மக்கள் தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர். 'கபாலி' வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு இது.

2021இல் அவனைப் பொக்கா சட்டத்தின் கீழ்ப் பிடித்தார்கள். அந்தச் சட்டத்தில் நீதிமன்ற வழக்கு இல்லை. வேறு மாநிலத்தில் ஒரு சிறு பட்டணத்தில் இரண்டு ஆண்டுகள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கணுக்காலில் மின்னணுக் கண்காணிப்புக் கருவி. மறு ஆண்டு அவன் அம்மாவோடு பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். வாடகை அறையில், சுவரோரம், ஒயர் எட்டும் தூரத்தில் உட்கார்ந்து காலை சார்ஜ் போட்டுக் கொண்டிருந்தான். கார் கழுவும் கடையில் வேலை. அந்த வெயிலிலும் முழுக்கால் சட்டைதான், வாடிக்கையாளர் யாரும் காலைப் பார்த்துவிடக் கூடாது என்று. இரவு எட்டு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாள் பஸ் தாமதமாகி, கடைசி இரண்டு கிலோமீட்டரை அவன் ஓடியே வந்து சேர்ந்ததை ஆன்ட்டி சொன்னார். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

இப்படி ஒரு காட்சியை நான் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. இன்னொரு காட்சியையும் பார்க்கவில்லை. எங்கள் தாமானில் ஒரு ரொட்டி சானாய்க் கடை. மாவு வீசும் அண்ணனை ஒரு ராத்திரி ஒரு கும்பல் ஆள் மாற்றி அடித்துவிட்டது. என் கூட்டாளி அந்தக் கும்பலில் இருந்தானா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கப் பயம். அண்ணனின் இடது கை விரல்கள் இப்போது மடங்குவதில்லை. மாவு வீச வேறு ஆள் வந்துவிட்டார், அவர் தட்டுக் கழுவுகிறார். சினிமாவில் நாயகன் பத்து அடியாள்களைப் பறக்க விடுகிறானே, விழுந்தவர்களில் யாராவது மறுநாள் வேலைக்குப் போனார்களா என்று எந்தப் படமாவது திரும்பிப் பார்க்கிறதா?

ஒன்று பார்த்தது. 1987இல் வந்த மணிரத்னத்தின் 'நாயகன்'. வேலு நாயக்கர் ஒரு போலீஸ் அதிகாரியைக் கொல்கிறார். செத்தவருக்கு ஒரு மனைவியும், மனவளர்ச்சி குன்றிய மகனும் இருக்கிறார்கள். படம் அவர்களை மறக்கவில்லை. ஊரே கும்பிடும் அந்த மனிதரைக் கடைசியில் சுடுவது அந்த மகன்தான். பெற்ற மகளே அப்பாவின் வாழ்க்கையைச் சகிக்க முடியாமல் வீட்டை விட்டுப் போகிறாள். இவ்வளவு இருந்தும் நம்மவர்கள் திருப்பித் திருப்பிப் பேசுவது நாயக்கரின் பஞ்ச் வசனங்களைத்தான்.

நம் நாட்டிலேயே எடுத்த 'ஜகாட்' படத்தைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளிவந்தது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடிசைக்கு வந்த ஒரு குடும்பம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். படி, படி என்று அடிக்கும் அப்பா. கும்பலில் இருக்கும் சித்தப்பா. அந்தப் பையன் மக்கு இல்லை, குறும்பும் கற்பனையும் நிறைந்தவன். ஆனால் பள்ளியும் வீடும் அவனுக்குப் பிரம்பைத்தான் காட்டுகின்றன. அவனை ஆள் என்று மதிப்பது யார் என்று பார்த்தால் விடை சங்கடமாக இருக்கிறது. 'கபாலி'க்கு வேன் பிடித்த எங்கள் பிளாட்டிலிருந்து இந்தப் படத்துக்கு ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

என் தம்பிக்கு இப்போது பதினான்கு வயது. அவன் படமே பார்ப்பதில்லை. போனில் முப்பது விநாடித் துண்டுகள்தான். யாரோ ஒரு நாயகன் கத்தியோடு மெதுவாக நடக்கிறான், பின்னால் இசை அதிர்கிறது, உடனே அடுத்த துண்டு. இதில் சரணடைவதும் இல்லை, தூக்குமேடையும் இல்லை, முடிவே இல்லை. தணிக்கையாளர் எந்த இடத்தில் வரியைச் சேர்ப்பார்?

போன மாதம் அவனை வற்புறுத்தி 'ஜகாட்'டைப் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் போனை நோண்டிக் கொண்டிருந்தான், பிறகு விட்டுவிட்டான். படம் முடிந்ததும் கேட்டான்.

"அண்ணா, உங்க கூட்டாளி காலுல இன்னும் அது இருக்கா?"

"இல்லடா. கழட்டிட்டாங்க. ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு."

"தூங்கும்போதும் போட்டுக்கிட்டேதான் தூங்கணுமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பசியாற அவன் வீட்டுக்கு வருகிறான், நீயே கேட்டுக்கொள் என்றேன்.