உரம் உறிஞ்சும் வென்சுரி: தண்ணீரின் அழுத்தம் எங்கே போகிறது?

மகாராஷ்டிரத்தின் நாசிக் திராட்சைத் தோட்டங்கள் உள்பட நாட்டின் பல பகுதிகளில் சொட்டுநீருடன் உரத்தைக் கலந்து செலுத்த ‘வென்சுரி’ எனும் சிறு பிளாஸ்டிக் கருவி பயன்படுத்தப்படுகிறது. இதற்கு மின்சாரம் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால், உரத்தை உறிஞ்சுவதற்கான ஆற்றலைப் பாசன நீரின் அழுத்தத்திலிருந்தே இது எடுத்துக்கொள்கிறது. அந்த இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கடைசி வரிசைச் செடிகளுக்கு நீரும் உரமும் குறைந்துவிடும்.

இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவன்னி பத்திஸ்தா வென்சுரி 1797-இல் வெளியிட்ட ஆய்வையொட்டி இக்கருவி அவரது பெயரைப் பெற்றது. இதன் நடுப்பகுதி குறுகியிருக்கும். குழாயின் விட்டம் பாதியானால் நீரின் வேகம் நான்கு மடங்காகும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். அது வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே இறங்கும்போது, திறந்த தொட்டியில் உள்ள உரக் கரைசல் தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது.

இதற்குத் தேவைப்படும் வேகம் வியப்பளிக்கக் கூடியது. நுழைவழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ என்றால், குறுகிய பகுதியில் நீர் நொடிக்குச் சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் பாய வேண்டும்.

குழாய் மீண்டும் விரியும்போது வேகம் தணிந்து அழுத்தம் மீள்கிறது. ஆனால், முழுமையாக மீள்வதில்லை. விரியும் பகுதியில் நீரோட்டம் சுவரைவிட்டு விலகிச் சுழல்களை உண்டாக்குகிறது. சுழல்களில் சிக்கிய ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. நீரின் அளவைக் கணக்கிடும் பெரிய வென்சுரி மீட்டர்களில் குழாய் மிக மெதுவாக விரிவதால், குறுகிய பகுதியில் இறங்கிய அழுத்தத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. உரக் கருவியின் நிலை வேறு. அதன் நீளம் குறைவு, வேகமோ மிக அதிகம். போதாக்குறைக்கு, அசைவற்றிருந்த உரக் கரைசலையும் அதே நீர்தான் இழுத்துச் செல்ல வேண்டும். இதனால் நுழைவழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை, சில வேளைகளில் அதற்கும் மேல், இழக்கப்படுகிறது.

அழுத்த ஈடு வசதி இல்லாத சாதாரண சொட்டுவான்களில், அழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் நீர் வெளியேற்றம் சுமார் 10 சதவீதம் குறையும். மேடான இடத்திலும் குழாயின் கடைக்கோடியிலும் அழுத்தம் ஏற்கெனவே குறைவாக இருப்பதால், பாதிப்பு அங்குதான் முதலில் தெரியும்.

பெரும்பாலான வயல்களில் முதன்மைக் குழாய்க்கு இணையான கிளைக் குழாயில் வென்சுரி பொருத்தப்படுகிறது. முதன்மைக் குழாயின் வால்வைச் சற்றே மூடினால், இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு உருவாகும். உரமிட்டு முடிந்ததும் வால்வை முழுமையாகத் திறந்துவிட வேண்டும். இதை மறந்தால், உரமிடாத நாள்களிலும் இழப்பு தொடரும்.

உறிஞ்சுதல் திடீரென நின்றால் பழுது கருவியில்தான் என்று கருத வேண்டியதில்லை. வென்சுரிக்கு அடுத்துள்ள வடிகட்டி அடைத்துக்கொண்டால் வெளியேறும் பக்க அழுத்தம் உயர்ந்து, வேறுபாடு சுருங்கிவிடும். முன்னும் பின்னும் இரு அழுத்தமானிகள் இருந்தால் இதை உடனே கண்டறியலாம். அத்தகைய நேரத்தில் பாசன நீர் உரத் தொட்டிக்குள் பின்னோக்கிப் பாயவும் கூடும் என்பதால், உறிஞ்சுகுழாயில் ஒருவழி வால்வு அவசியம்.