ஓசி வாசல்

அமெரிக்காவில் சொந்த வீட்டை விற்றுவிட்டு, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியிலேயே ஆண்டு முழுக்கக் குடியிருப்பவர்கள் உண்டு. முகாம்களுக்கு வாடகை கட்டி மாளாதபோது, நண்பர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சில நாள் தங்குவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மூச்டாக்கிங்'. 'மூச்' என்றால் நம் பேச்சில் ஓசி!

ஓசிதான், ஆனால் கவனம் வேண்டும். அங்கே வீட்டின் சாதாரண பிளக் பாயின்ட் 120 வோல்ட்டில் 15 ஆம்பியர்தான் தாங்கும். அதாவது 1,800 வாட். பெரிய வண்டிகளோ 30, 50 ஆம்பியருக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டால், வீட்டுக்காரரின் பிரேக்கர் விழுந்துவிடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் என்றால் சூடேறி உருகவும் கூடும். கழிவுத் தொட்டியை அங்கே திறந்துவிடவே கூடாது.

வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் போதாது. வண்டியை நிறுத்த விடும் சில நகராட்சிகள், அதில் படுத்துறங்க விடுவதில்லை.

பிரான்சில் 1993-லேயே இப்படி ஓசியில் தங்குவதை ஒழுங்குபடுத்திவிட்டார்கள். 'பிரான்ஸ் பாஸியோன்' திட்டத்தில் சேர்ந்தவர்கள், திராட்சைத் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் 24 மணி நேரம் இலவசமாகத் தங்கலாம். ஒயின் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.