அதட்டினால் ஏறும் ‘டிக்’

விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் அம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். பிள்ளை அப்பத்தாவின் பொறுப்பு. அவன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான், தொண்டையைச் செருமுகிறான் என்றால், வகுப்பில் அதற்குப் பெயர் சேட்டை. தெருவில் காத்து கருப்பு. இரண்டுமே இல்லாமல், ‘டிக்’ எனும் நரம்புக் கோளாறாக இருக்கலாம்.

தும்மலுக்கு முன் மூக்கில் குறுகுறுக்குமே, அப்படியொரு உந்துதல் எழும், அசைத்தால்தான் அடங்கும். சற்று நேரம் அடக்கிவைக்க முடியும் என்பதாலேயே ‘வேணும்னே செய்யுறான்’ என்ற பழி. பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கி, 10–12 வயதில் உச்சம் தொட்டு, பிறகு பலருக்குத் தணிந்துவிடும். பல உடலசைவுகளோடு குரல் டிக்கும் வந்து ஓராண்டு தாண்டினால் அது டூரெட்.

படபடப்பே விறகு

நெஞ்சு படபடத்து உள்ளங்கை வியர்க்கும் நேரங்களில் டிக் பலருக்கு ஏறும். பரீட்சை, பயம் மட்டுமல்ல, திருவிழாக் குதூகலமும் ஏற்றும், களைப்பும் கூட்டும். ‘நிறுத்துடா’ என்ற அதட்டலும் அதே படபடப்பைத்தான் கிளப்புகிறது. அடுப்பில் விறகைத் திணித்துவிட்டு உலை ஏன் கொதிக்கிறது என்று கோபிக்கலாமா?

சட்டம் சொல்வது

6 முதல் 14 வயதுப் பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் டூரெட் பெயர் இல்லை. ஆனாலும், நீண்டகாலக் குறைபாட்டால் பிறருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாதவரை அச்சட்டம் மாற்றுத்திறனாளியாகக் கருதுகிறது. அவருக்கேற்ற வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும். தனி அறையில் தேர்வு, ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி எனக் கேட்கலாம். பிள்ளையை அடித்தால் குழந்தைகள் உதவி எண் 1098இல் புகார் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

வீட்டில் டிக்கைச் சுட்டிக்காட்டாதீர்கள்; தூக்கம் கெடாமல் பாருங்கள். உந்துதல் எழும்போது மாற்று அசைவைப் பழக்கும் பயிற்சி உண்டு. இதைப் பற்றி 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 126 சிறார் பங்கேற்றனர். பயிற்சி பெற்றோரில் பாதிக்கு மேல் தேறினர். மருந்து கொடுத்துவந்தால், மருத்துவரைக் கேட்காமல் அதைத் திடீரென நிறுத்த வேண்டாம். நினைவு தப்பினாலோ, காய்ச்சல், மூட்டுவலிக்குப் பிறகு கைகால் தாறுமாறாக ஆடினாலோ அது வேறு நோயாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வர ஒருநாள் கூலி போகும். அதற்கு முன் ஆலோசனை கேட்க, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு. ஜீப்பிலிருந்து இறங்கிய பிறகும் அழைக்கலாம்.