கொல்லிமலை ஏறியதும் ‘டொக் டொக்’ சத்தமா? பழைய புல்லட்டில் ஆயில் பிரஷர் குறைவதைக் கண்டுபிடிப்பது எப்படி?

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன கியரிலேயே உறுமி ஏறி, செம்மேடு வல்வில் ஓரி சிலை அருகே வண்டியை நிறுத்தும்போது பழைய புல்லட்டின் ஆயில் நன்றாகச் சூடேறியிருக்கும். வேகம் குறைவு, காற்றும் குறைவு. காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜினுக்கு இது கடும் சோதனை. காலையில் வீட்டு வாசலில் தெரியாத ஆயில் பிரஷர் கோளாறு இங்கேதான் வெளியே வரும். இன்ஜினின் அடியிலிருந்து ‘டொக் டொக்’. “டேப்பெட் சத்தம்தான் மச்சான், டீ குடிச்சிட்டு வந்தா சரியாயிடும்” என்பார் கூட வந்தவர். அதை நம்பி ஓட்டினால் இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம்.

எச்சரிக்கை விளக்கு எரியாதா?

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955-ல் கைகோத்து, புல்லட் தயாரிப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்தன. திருவொற்றியூரிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டிகளில் ஆயில் பிரஷர் மீட்டரும் கிடையாது, சிவப்பு விளக்கும் கிடையாது. ஓட்டுபவரின் காதுதான் மீட்டர்.

பிரஷர் ஏன் குறைகிறது?

பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டத்துக்குக் கிடைக்கும் தடைதான் பிரஷர். ஹோஸ் பைப் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறும். விரலை எடுத்தால் சும்மா வழியும். இன்ஜினுக்குள் அந்த விரலின் வேலையைச் செய்வது, கனெக்டிங் ராடின் ‘பிக் எண்ட்’ புஷ்ஷில் இருக்கும் மிக நுண்ணிய இடைவெளி. புஷ் தேய்ந்து இடைவெளி அகன்றாலும், சூட்டில் ஆயில் நீர்த்துப்போனாலும் பிரஷர் விழும். உலோகத்தோடு உலோகம் மோதும். அதுதான் ‘டொக் டொக்’. டேப்பெட் சத்தம் மேலே, தலைப்பக்கமிருந்து, ‘டிக் டிக்’ என்று மெலிதாகக் கேட்கும்.

செம்மேட்டில் நின்றபடி என்ன பார்க்கலாம்?

முதலில் இன்ஜினை அணையுங்கள். அடுத்து மூன்று சோதனைகள். காசு செலவில்லை.

1. அளவு: வண்டி இப்போதுதான் ஓடி நின்றதால் டிப்ஸ்டிக் சரியான அளவைக் காட்டும். நாள்கணக்கில் நின்ற புல்லட்டில் டேங்க் ஆயில் கிராங்க் பக்கம் கசிந்து இறங்கிவிடும். அப்போது குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றினால் ஆயில் மிகுந்துபோகும். அதனால் வீட்டில் பார்க்கும்போது சில நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.

2. வாசனை: ஆயிலில் பெட்ரோல் நெடி அடித்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்திருக்கலாம்.

3. ஓட்டம்: அளவு சரி, அடிச்சத்தமும் இல்லை என்றால் மட்டும் இது. ஐடிலில் ஓடவிட்டு, ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். ஆயில் கசிய வேண்டும். சுடும், கை பத்திரம். கசிந்தால் பம்ப் சுற்றுகிறது என்றுதான் அர்த்தம்; பிக் எண்டில் பிரஷர் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி அல்ல.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

“இன்ஜினை இறக்குங்க” என்பதற்கு முன் “கேஜ் போட்டுப் பாருங்கண்ணே” என்று கேளுங்கள். அடாப்டர் பொருத்தி, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளந்து, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். கார் இன்ஜின் கணக்கு இதற்கு ஒத்துவராது. பழைய புல்லட் குறைந்த பிரஷரிலேயே ஓடும் வகை.

குளிரில் சரி, சூட்டில் சரிவு என்றால் சந்தேகம் ஆயில் மீதோ புஷ் தேய்மானம் மீதோ. இரண்டு நிலையிலும் குறைவென்றால் அடைத்த ஃபில்டர், டைமிங் கவர் பக்கத்து சீல், பம்ப் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கலாம். வடித்த ஆயிலில் மினுமினுக்கும் துகள் இருந்தால்தான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு. கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கலாம், தேய்மானம் அடங்காது.

‘இறக்கம்தானே, உருட்டிட்டே போயிடலாமா?’

பலரும் தப்பு செய்யும் இடம் இதுதான். கியரில் இறங்கினால், ஆக்ஸிலரேட்டர் கொடுக்காவிட்டாலும் இன்ஜின் வேகமாகச் சுற்றும். ஆயில் இல்லாமல் அது இறுகினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டினால் 70 வளைவுகளின் பாரமும் பிரேக் மீது விழும். சூடேறிய டிரம் பிரேக் பிடிப்பை இழக்கும். இரண்டுமே உயிரோடு விளையாட்டு.

அடிச்சத்தம் நிற்கவில்லையா? வண்டியை மினி லாரியில் ஏற்றுங்கள். லாரித் தொழிலுக்குப் பெயர்போன நாமக்கல் கீழேதான் இருக்கிறது. லேத் பட்டறைக்கு அங்கே பஞ்சமில்லை. ஒரு நடை வாடகை, புது பிக் எண்டைவிட மலிவு.